மேட்ச் பார்க்க எது தோது? மஞ்சக்குப்பம் வீட்டுக்கும் லாஸ்பேட்டை வீட்டுக்கும் போட்ட கணக்கு

மஞ்சக்குப்பம் வீட்டில் அப்பாவின் பழைய டிவி போன மாதம் ஒருநாள் அணைந்தது, பிறகு எழவே இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டபோது அதற்கு முந்தைய டிவி நனைந்து வீணாயிற்று. ஊருக்குக் கரண்ட் திரும்பி வந்த பிறகு வாங்கியது இது. வாங்கிய காசுக்கு மேலேயே உழைத்துவிட்டது. புது 43 அங்குல டிவியைச் சுவரில் மாட்ட வந்த கடைப் பையன், வேலையை முடித்துவிட்டு என்னிடம், “சார், எல்லா ஆப்பும் உள்ளயே இருக்கு. இனிமே கேபிளே வேணாம்” என்றான். பதில் அப்பாவிடமிருந்து வந்தது. “தம்பி, அந்த ஒயர மட்டும் புடுங்கிடாத.”

நான் குடியிருப்பது புதுச்சேரி லாஸ்பேட்டையில். என் வீட்டில் கேபிள் ஒயரே கிடையாது, ஃபைபர் மட்டும்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே முக்கால் மணி நேரப் பஸ் தூரம், பெண்ணையாறு, ஒரு மாநில எல்லை. மேட்ச் நாளில் இதோடு இன்னொரு தூரமும் சேர்ந்துகொள்ளும். கடைசி ஓவரில் என் திரையில் பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடிவரத் திரும்பிக்கொண்டிருப்பார். போன் அடிக்கும். “பாத்தியாடா! சிக்ஸு!” என்பார் அப்பா. நான் இன்னும் பார்க்கவில்லை என்று சொன்னால் நம்பமாட்டார்.

புது டிவி வந்த சாக்கில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு முடிவெடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேபிள், டிடிஎச் (மாதக் காசு கட்டும் தனியார் டிஷ்), டிடி ஃப்ரீ டிஷ் (தூர்தர்ஷனின் இலவச டிஷ்), ஓடிடி (இணையத்தில் ஆப் வழியாக) என்று நான்கு வழி. நாலு பேரைக் கேட்டால் நாலு பேரும் தாங்கள் வைத்திருப்பதுதான் நல்லது என்கிறார்கள். அதனால் கணக்கை நானே போட்டேன்.

ஆட்டம் யார் கையில்?

எந்த ஆட்டம் யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் எதை வாங்கினாலும் பாதி ஆட்டம் வெளியே நிற்கும். ஐபிஎல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூன் மாத ஏலத்தில் 2023 முதல் 2027 வரைக்குமான உரிமைகள் மொத்தம் 48,390 கோடி ரூபாய்க்குப் போயின. இந்தியாவில் டிவியில் காட்டும் உரிமை டிஸ்னி ஸ்டாருக்கு 23,575 கோடி. இணையத்தில் காட்டும் உரிமை வயாகாம்18க்கு 20,500 கோடி. ஒரே ஆட்டம், இரண்டு முதலாளிகள். டிவிக்காரர் சந்தா வாங்க, இணையக்காரர் 2023, 2024 இரண்டு வருஷமும் ஜியோசினிமாவில் இலவசமாகவே காட்டினார். “போன்ல ஃப்ரீயா வருதே, எதுக்குக் கேபிள்?” என்று ஊர் பேச ஆரம்பித்தது அப்போதுதான். 2024 நவம்பரில் இரண்டு முதலாளிகளும் ஒன்றாகிவிட்டார்கள். 2025 பிப்ரவரி 14 அன்று இருவரின் ஆப்பும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டாராக வந்தது. முழு ஐபிஎல்லும் இலவசம் என்ற காலம் அதோடு முடிந்தது. போட்டி இருந்தவரை நமக்கு லாபம், சமாதானம் ஆனதும் நமக்குச் செலவு. அண்ணன் தம்பி சண்டையில் பக்கத்து வீட்டுக்காரன் மாங்காய் பறித்துக்கொண்டிருந்த கதைதான்.

ஸ்டார் ஒன்று போதும் என்றும் இருக்க முடியாது. 2025 செப்டம்பரில் நடந்த ஆசியக் கோப்பை சோனியில் வந்தது. அதே வருஷம் இந்திய அணி இங்கிலாந்தில் ஆடிய ஐந்து டெஸ்ட்களோ டிவியில் சோனியிலும் இணையத்தில் ஜியோஹாட்ஸ்டாரிலும் வந்தன. அதாவது ஒரே தொடருக்கு அப்பா ஒரு கடையில் காசு கொடுக்க வேண்டும், நான் வேறொரு கடையில். ஃபார்முலா 1 பைத்தியம் பிடித்த என் மச்சானுக்கு இந்த இரண்டுமே உதவாது. அது 2024லிருந்து ஃபேன்கோட் என்ற ஆப்பில். புரோ கபடியும் இங்கிலீஷ் பிரீமியர் லீக்கும் ஸ்டார் பக்கம்.

எனவே ஒரு தாளில் வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று எழுதினேன். அப்பா: இந்தியா ஆடும் எந்த ஆட்டமும், சென்னை ஆடும் எல்லா ஆட்டமும், கபடியில் தமிழ் தலைவாஸ். அம்மா: விளையாட்டு முடிந்த பிறகு சீரியல். நான்: ஐபிஎல், சனி ஞாயிறில் கால்பந்து. என் பெண்: விளம்பர இடைவேளை.

காது கேட்கும் ஆட்டம்

பட்டியலில் எழுத மறந்து பிறகு சேர்த்தது மொழி. இரண்டு வீட்டுக்கும் ஒரே முடிவு வராமல் போனதற்கு அதுவே காரணம்.

அப்பாவின் தலைமுறைக்குத் தமிழில் கிரிக்கெட் வந்தது டிவி வழியாக அல்ல, வானொலி வழியாக. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் மாதிரியானவர்களின் குரலில்தான் அவர்கள் மைதானத்தைப் ‘பார்த்தார்கள்’. பொங்கல் டெஸ்ட் சமயத்தில் ஆபீஸ் மேசை டிராயருக்குள் டிரான்சிஸ்டரை வைத்துக் கேட்டவர் அப்பா. பிறகு தூர்தர்ஷன் காலம் வந்தது, படம் வந்தது, குரல் இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் போய்விட்டது. பல வருஷம் அப்பா டிவியின் ஒலியைக் குறைத்துவிட்டுத்தான் பார்ப்பார். முழுக்கத் தமிழுக்கென்றே ஒரு விளையாட்டுச் சேனல், ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ், வந்தது 2017 மே மாதம். சோனி டென் 4 தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கியது 2021இல். அந்த வருஷம் யூரோ கால்பந்தைத் தமிழ் வர்ணனையோடு கேட்டபோது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது, இரண்டாம் வாரத்தில் பழகிவிட்டது.

இப்போது அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை நீக்கியாயிற்று. ஆனாலும் பந்து எங்கே போகிறது என்பதைக் கண்ணைவிடக் காதால்தான் பின்தொடர்கிறார். ஸ்ரீகாந்தும் பத்ரிநாத்தும் பேசினால் உட்கார்ந்து கேட்கிறார். சிரிப்பும் கலாய்ப்பும் அதிகமானால் மட்டும், “இவங்க பேசி முடிச்சப்புறம் பந்து போடச் சொல்லு” என்பார். வானொலியில் வளர்ந்த காது. ஸ்கோரை மூன்று பந்துக்கு ஒருமுறை சொல்லாத வர்ணனையாளரை மன்னிக்காது. அந்த விஷயத்தில் நான் அப்பா கட்சி.

கேபிள்

கேபிளைப் பழைய காலத்துச் சாமான் என்று ஒதுக்குவது சுலபம். விலையைப் பார்த்துவிட்டு ஒதுக்குங்கள்.

2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த முறைப்படி பில் இரண்டு துண்டு. ஒன்று, இணைப்புக்கான கட்டணம். அப்போது 100 சேனலுக்கு 130 ரூபாய், 18 சதவீத வரியோடு 153 ரூபாய் 40 காசு. பிறகு அதே 130க்கு 200 சேனல் என்று ஆனது. இரண்டாவது, நாம் தேர்ந்தெடுக்கும் கட்டணச் சேனல்களின் விலை. தொகுப்புக்குள் சேர்க்க வேண்டுமென்றால் ஒரு சேனலின் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது. இரண்டு தமிழ் விளையாட்டுச் சேனலை உச்ச விலைக்கே வைத்துக்கொண்டாலும் 38 ரூபாய், வரியோடு சேர்த்து 45க்குள். மொத்தம் மாதம் 200. இதற்குள் அம்மாவின் சில சேனல்களை நுழைத்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். 2024 ஜூலையில் இணைப்புக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பை டிராய் எடுத்துவிட்டது. அதனால் இப்போது 153 என்பது எழுதப்பட்ட விதி கிடையாது, தெருவுக்குத் தெரு மாறும். கேபிள்காரரிடம் பேசிப் பார்ப்பதில் தப்பில்லை.

பலரும் செய்யும் பிசகு, “ஸ்போர்ட்ஸ் பேக்” என்று கேட்பது. அந்தத் தொகுப்பில் இந்தி, ஆங்கிலம், எச்டி என்று எல்லாம் வந்து விழும். வேண்டிய சேனலைப் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேளுங்கள். எச்டி சேனல் ஒன்று இணைப்புக் கணக்கில் இரண்டாக எண்ணப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்பாவுக்கு எச்டி போட்டுக் காட்டினேன். “பச்சை கொஞ்சம் கூட இருக்கு” என்றார், அவ்வளவுதான். வேண்டாம் என்று எடுத்துவிட்டேன்.

கடலூர்ப் பக்கத்தில் தமிழ்நாடு அரசு கேபிளும் ஒரு வழி. 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு என்று அது திரும்பத் தொடங்கியபோது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் பேச்சு. ஆனால் அது தமிழ்நாட்டு நிறுவனம். முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் வந்துவிட்டால் தனியார் கேபிள்தான். கடலூரில் இருந்து பாகூர்ப் பக்கம் வீடு மாறுகிறவர்கள் அரசு கேபிள் செட்டாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஏமாந்துபோகக் கூடாது.

கேபிளின் நிஜமான பலம் ஆள். பெட்டி மக்கர் செய்தால் அப்பா போன் செய்வார், சாயங்காலத்துக்குள் ஒருவர் சைக்கிளிலோ பைக்கிலோ வருவார், வந்தவர் டீ குடித்துவிட்டுப் போவார். கட்டணமில்லா எண்ணுக்குப் போன் செய்து, ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்பது அப்பாவிடம் நடக்காது. உள்ளூர்ச் சேனல் என்று ஒன்று இருக்கிறது; தேவனாம்பட்டினம் மாசி மகத் தீர்த்தவாரியும் பக்கத்து ஊர்க் கபடிப் போட்டியும் அதில்தான் வரும்.

பலவீனம் அந்த ஒயரே. ஈபி கம்பத்திலும் தென்னை மரத்திலும் தொங்கி வரும் ஒயர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, அடுத்த நாள்களில் பெண்ணையாறு பெருகி ஓடியபோது மஞ்சக்குப்பத்தில் டிவி நாலு நாள் ஊமையாக இருந்தது. அதற்கு யாரையும் நொந்துகொள்ள முடியாது. ஆனால் புயலே இல்லாத நாளிலும் ஒரு சங்கடம் உண்டு. வழியில் சிக்னலைத் தூக்கிக் கொடுக்கும் பெட்டிகளுக்குக் கரண்ட் வேண்டும். நம் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், பெட்டி இருக்கும் தெருவில் கரண்ட் போய், அந்தப் பெட்டிக்குப் பேட்டரியும் இல்லையென்றால் படம் வராது. இன்வெர்ட்டர் வாங்கிய பிறகும் “ஏன் வரல?” என்று குழம்புகிறவர்களுக்குக் காரணம் இதுதான்.

டிடிஎச்

இதற்குக் கம்பமும் வேண்டாம், தெருப் பெட்டியும் வேண்டாம். வீட்டில் கரண்ட் இருந்தால் படம் வரும். மாநில எல்லையும் தெரியாது. வில்லியனூரில் வைத்த டிஷ்ஷைக் கழற்றி நெல்லிக்குப்பத்தில் மாட்டினாலும் அதே செயற்கைக்கோள்தான். விலை கேபிளின் அதே டிராய் விதிக்குள் வருவதால் பெரிய வித்தியாசம் இருக்காது. வேண்டாத மாதத்தில் ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடலாம் என்பது இதில் எனக்குப் பிடித்த அம்சம். ஐபிஎல் இரண்டு மாதம் மட்டும் விளையாட்டுச் சேனலைச் சேர்த்து, முடிந்ததும் நீக்குகிற சாமர்த்தியசாலிகள் எங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள்.

ஆனால் மழை. டிடிஎச் சிக்னல் வரும் அலைவரிசை கனமழையைத் துளைத்து வரத் திணறும். நீர்த்துளிகள் அலையை விழுங்கிவிடும். மதுரைக்காரர்களைவிட நமக்கு இதில் கவலை அதிகம், ஏனென்றால் கடலூரும் புதுச்சேரியும் வாங்கும் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. இந்திய அணி உள்ளூரில் ஆடும் பருவமும் அதே மாதங்கள். புரோ கபடியும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் வருகிறது. ஐபிஎல் மட்டும் பார்க்கிறவருக்குக் கோடையில் டிடிஎச் தங்கம். இந்தியா ஆட்டம் பார்க்கிறவருக்கு, மழை நாளில் கடைசி பத்து ஓவரில் திரை நீலமானால் என்ன செய்வது என்று ஒரு மாற்று வழி இருக்க வேண்டும்.

செயற்கைக்கோளே படுத்த கதையும் உண்டு. 2010 ஜூலையில் இன்சாட்-4பியின் இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்றில் மின்சாரம் வராமல் போய், சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. சன் டைரக்ட் வைத்திருந்தவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். அபூர்வம்தான். அதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

ஒரு கம்பெனிப் பெட்டி இன்னொரு கம்பெனிக்கு உதவாது என்பது மட்டும் உறுத்தல். மாறினால் பழைய பெட்டி அலமாரியில் தூங்கும். எங்கள் வீட்டு அலமாரியில் ஏற்கெனவே இரண்டு தூங்குகின்றன.

மாதக் கட்டணமே இல்லாத டிஷ்

டிடி ஃப்ரீ டிஷ்ஷைப் பற்றிப் பேசினால் நகரத்து ஆட்கள் கொஞ்சம் ஏளனமாகப் பார்ப்பார்கள். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கிய அதேதான் இது. பெட்டிக்கும் டிஷ்ஷுக்கும் ஒருமுறை கொடுத்தால் சரி, பிறகு மாதக் காசு கிடையாது.

விளையாட்டுப் பார்க்கிறவருக்கு இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2007இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது: தேசிய முக்கியத்துவம் உள்ளதென்று அறிவிக்கப்பட்ட ஆட்டங்களின் நேரலைச் சிக்னலை, உரிமை வாங்கிய தனியார் சேனல், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். இந்திய ஆண்கள் அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்கள், ஒலிம்பிக்ஸ், ஆசிய விளையாட்டுகள் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். அப்படிக் கிடைக்கும் சிக்னலைத் தூர்தர்ஷன் தன் சொந்த வழிகளில், அதாவது தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், கேபிளுக்கும் தனியார் டிடிஎச்சுக்கும் தரக் கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கேபிளில் டிடி ஸ்போர்ட்ஸ் இருந்தும் அதில் இந்தியா மேட்ச் வராமல் வேறெதுவோ ஓடுவது இதனால்தான். கேபிள்காரரோடு சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை.

அப்படியானால் அப்பாவுக்கு இதையே வைத்துவிடலாமே என்று தோன்றும். இரண்டு தடை. ஐபிஎல்லும் புரோ கபடியும் அந்தச் சட்டப் பட்டியலில் இல்லை; சென்னை ஆட்டம் இல்லாத ஏப்ரலை அப்பாவிடம் விளக்க என்னால் ஆகாது. இரண்டாவது, டிடி ஸ்போர்ட்ஸின் குரல் பெரும்பாலும் இந்தியும் ஆங்கிலமும். மறுபடி ஒலியைக் குறைத்துவிட்டுப் பார்க்கும் காலத்துக்கு அவரை அனுப்புவதாகும்.

ஆனாலும் மொட்டை மாடியில் ஒரு ஃப்ரீ டிஷ் இருப்பது கெட்ட யோசனை அல்ல. நம் ஊரில் இருந்து பார்த்தால் அந்தச் செயற்கைக்கோள் தென்கிழக்கில், உச்சிக்குக் கொஞ்சம்தான் கீழே இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தென்னை மறைக்கும் என்ற பயம் அதிகம் வேண்டாம். மற்றபடி மழை விஷயத்தில் இதுவும் டிடிஎச்சின் தம்பிதான்.

ஓடிடி

என் வீட்டுக் கதை. 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது கைப்பேசிக்கு மட்டுமான திட்டம் வருஷத்துக்கு 499, டிவியிலும் பார்க்கும் திட்டம் 899, உயர்ந்தது 1,499. விலை அவ்வப்போது மாறும், வாங்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். 899 ரூபாய் என்பது மாதம் 75 ரூபாய். கேபிளின் 200க்குப் பக்கத்தில் வைத்தால் கொள்ளை மலிவு என்று தோன்றும்.

தோற்றம்தான். ஃபைபரின் மலிவான திட்டம் 399 என்றால் வரியோடு 470 ரூபாய் 82 காசு, வருஷத்துக்கு 5,650. ஏற்கெனவே பிள்ளைகளின் படிப்புக்கும் ஆபீஸ் வேலைக்கும் நெட் போட்ட வீட்டில் கிரிக்கெட்டுக்கான செலவு வெறும் 899. நெட்டே இல்லாத வீட்டில் கிரிக்கெட்டுக்காகவே போட்டால் 6,549. கேபிளோ வருஷத்துக்கு 2,400. “ஓடிடி மலிவு” என்று சொல்கிறவர்கள் எல்லாரும் நெட் பில்லை வேறு கணக்கில் எழுதியவர்கள்.

போன் டேட்டாவை டிவிக்குக் கொடுத்து ஒப்பேற்றலாம் என்றும் முயன்றேன். பெரிய திரையில் தெளிவாகப் பார்க்க நொடிக்கு 5 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு இரண்டேகால் ஜிபி, நாலு மணி நேர டி20க்கு 9 ஜிபி. நாளுக்கு 2 ஜிபி பேக்கில் முதல் இன்னிங்ஸ் கூட முடியாது. போன் திரையிலேயே, தரத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தால்தான் அந்த 2 ஜிபிக்குள் ஒரு மேட்ச் அடங்கும்.

இனி, அப்பாவின் போன் என் திரையை முந்திவிடும் அந்தத் தாமதம். இணையத்தில் வரும் நேரலை தொடர்ச்சியான ஓட்டமாக வருவதில்லை. சில நொடி நீளத் துண்டுகளாக வெட்டப்பட்டு வருகிறது. நடுவில் தடங்கல் வரக் கூடாதென்று நம் டிவி சில துண்டுகளைச் சேர்த்துவைத்துக்கொண்ட பிறகே காட்டத் தொடங்கும். கேபிளிலும் தாமதம் உண்டு, ஆனால் குறைவு. கேபிள் வைத்திருக்கும் தெருவில் ஓடிடி வைத்திருக்கும் ஒரே வீடாக இருப்பது பெரிய கொடுமை; விக்கெட் விழுந்ததைத் தெருவே கத்திச் சொல்லிவிடும். லாஸ்பேட்டையில் என் அடுக்ககத்தில் எல்லாருமே ஃபைபர் என்பதால் எல்லாரும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தாமதமாகக் கத்துகிறோம். அப்பா ஒருவர்தான் எதிர்காலத்திலிருந்து போன் செய்கிறவர்.

கரண்ட் விஷயத்தில் ஃபைபர் ஒரு படி மேல். கண்ணாடி இழைக்கு வழியெங்கும் கரண்ட் தேவையில்லை. ரூட்டருக்கும் டிவிக்கும் இன்வெர்ட்டர் கொடுத்தால் போதும். மழையும் ஒன்றும் செய்யாது, மரம் விழுந்து இழை அறுந்தால் தவிர. அறுந்தால் கேபிளைப் போல அன்று சாயங்காலம் ஒட்டிவிட மாட்டார்கள். ஒட்டுகிற மெஷினோடு ஆள் வர வேண்டும். ஒருமுறை அரையிறுதிக்கு முந்தின நாள் அறுந்து, நான் பஸ் ஏறி மஞ்சக்குப்பம் போய்ப் பார்த்தேன். அப்பா ரொம்ப மரியாதையாக நடத்தினார்.

சின்ன ஆட்டங்களுக்கு இணையத்தை விட்டால் கதியில்லை. புதுச்சேரி அணி ரஞ்சிக் கோப்பையில் முதன்முதலாக ஆடியது 2018-19இல். 2020இல் கொரோனா ஊரடங்குக்குப் பிறகு துத்திப்பட்டு மைதானத்தில் நடந்த டி20 தொடர் ஃபேன்கோடில் நேரலையாக ஓடியது. எந்த டிவி சேனலும் தன் நேரத்தை அதற்குக் கொடுத்திருக்காது. பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்துக் கிராமங்களில் ராத்திரி விளக்கு போட்டு நடக்கும் கபடியை யூடியூபில் நேரலை விடுகிறார்கள். ஒரே கேமரா, காற்று இரைச்சல், மைக்கில் “தம்பி, லைனுக்கு வெளிய நில்லு” என்று வர்ணனைக்கு நடுவே அதட்டல். ஒருநாள் விளையாட்டாக அதை அப்பாவின் புது டிவியில் போட்டுக் காட்டினேன். ராத்திரி ஒரு மணி வரை எழுந்திருக்கவில்லை. “இவன் தாத்தாவும் நானும் சேர்ந்து ஆடியிருக்கோம்” என்று ஒரு பையனைக் காட்டினார். உண்மையா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா உதட்டைப் பிதுக்கினார்.

அப்பாவுக்கு ஓடிடியில் ஆகாதது வழிதேடல். கேபிளில் ஒரு எண் அழுத்தினால் மேட்ச். ஓடிடியில் ஆப் திறந்து, ‘யார் பார்க்கிறீர்கள்’ என்று கேட்கும் முகங்களில் ஒன்றைத் தேர்ந்து, மேட்ச்சைக் கண்டுபிடித்து, மொழியைத் தமிழுக்கு மாற்றி, நடுவில் வெளியேற்றிவிட்டால் ஓடிபிக்குக் காத்திருக்க வேண்டும். ஓடிபி வருவது என் போனுக்கு. அந்த நேரம் நான் மீட்டிங்கில் இருப்பேன்.

டீக்கடை வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் ஒரு கேள்வி கேட்டான்: “அண்ணே, என் போன் சந்தாவையே கடை டிவில போடலாமா?” இந்த வீட்டுச் சந்தாக்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று விதிமுறையிலேயே இருக்கிறது. கடைக்குக் கேபிள்காரரிடம் கடை என்று சொல்லியே கேட்கச் சொன்னேன்.

கடைசியில் வைத்தது

மஞ்சக்குப்பத்தில் ஒயர் அப்படியே இருக்கிறது. சேனல்களை மட்டும் திருத்தினேன்: ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ், சோனியின் தமிழ்ச் சேனல், அம்மாவின் சீரியல் சேனல்கள், எச்டி எதுவும் வேண்டாம். மாதம் முன்பு கொடுத்ததைவிடக் குறைந்தது, ஏனென்றால் யாரும் பார்க்காத ஒரு பெரிய தொகுப்பு இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. டிடிஎச்சை விட்டுவிட்டேன், அக்டோபர் மழையில் அப்பாவை மொட்டை மாடிக்கு அனுப்பி டிஷ்ஷைத் துடைக்கச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. மழைநாள் மாற்று வழி என்று மேலே சொன்னேனே, அதற்கு அவரது பழைய டிரான்சிஸ்டர் இன்னும் வேலை செய்கிறது. ஃப்ரீ டிஷ் அடுத்த வருஷத்துக்கு, பார்க்கலாம்.

நான் எதிர்பார்க்காத ஒரு செலவு சேர்ந்தது. அந்த வீட்டுக்கும் சின்னதாக ஒரு நெட் இணைப்பு, ஐபிஎல்லுக்காக அல்ல, யூடியூப் கபடிக்காக. அதற்கு மட்டும் ரிமோட்டில் எந்தப் பொத்தான் என்று அப்பா ஒரே நாளில் கற்றுக்கொண்டார். ஓடிபி இல்லாத ஆப் என்பதாலும் இருக்கலாம்.

லாஸ்பேட்டையில் ஃபைபரும் வருஷச் சந்தா ஒன்றும். சோனி வேண்டிய மாதத்தில் மட்டும் தனியாக எடுத்துக்கொள்வேன். மச்சானின் ஃபேன்கோடுக்கு மச்சானே கட்டுவான்.

தாமதத்துக்கு மட்டும் இந்த நாலு வழியிலும் மருந்து கிடைக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கடைசி ஓவரில் போன் அடித்தது. எடுத்தேன். எதிர்முனையில் பேச்சில்லை, டிவி சத்தம் கூட இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா கேட்டார், “உனக்கு வந்துடுச்சா?”